ஒரே கல்லூரி கிடைக்குமா? முதுநிலை இடத்துக்குக் காத்திருக்கும் மருத்துவத் தம்பதிகள்

புது தில்லி: மருத்துவ முதுநிலைப் படிப்புக்கான நீட் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில், ஒரே வீட்டில் இரண்டு தரவரிசை எண்களை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் தம்பதிகள் நாடெங்கும் உண்டு. இருவரும் தேர்ச்சி பெற்றுவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மகிழ்ச்சி சில மணி நேரமே நீடிக்கிறது. கணவருக்கு ஓர் எண், மனைவிக்கு வேறோர் எண். இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தூரமே, அடுத்த மூன்று ஆண்டுகள் அவர்கள் ஒரே ஊரில் வாழ்வார்களா, இரண்டாயிரம் கிலோ மீட்டர் இடைவெளியில் வாழ்வார்களா என்பதைத் தீர்மானிக்கப் போகிறது.

ஒரே கல்லூரியில் சேர்ந்து படிக்க வேண்டும். அது இயலாவிட்டால் ஒரே ஊரிலாவது இருக்க வேண்டும். இதுவே மருத்துவத் தம்பதிகளின் விருப்பம். இந்த விருப்பத்தைத் தெரிவிக்க, இடங்களை ஒதுக்கும் அகில இந்தியக் கலந்தாய்வில் வழி எதுவும் இல்லை. விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் அங்கே தனி நபர். அவருடைய தரவரிசை, பிரிவு, விருப்பப் பட்டியல் ஆகியவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

திருமணமும் மேற்படிப்பும் சந்திக்கும் வயது

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதைத் தொடர்ந்து ஓராண்டு கட்டாயப் பயிற்சி. பதினெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்தவர் வெளியே வரும்போது இருபத்து மூன்று வயதைத் தாண்டிவிடுகிறார். முதுநிலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதில் ஓரிரு ஆண்டுகள் செல்கின்றன. எம்.டி. அல்லது எம்.எஸ். படிப்பு மேலும் மூன்று ஆண்டுகள். இதய நோய், நரம்பியல் போன்ற உயர் சிறப்புத் துறைகளுக்குச் செல்ல விரும்பினால் அதன்பின் இன்னும் மூன்று ஆண்டுகள்.

மற்றத் துறையினர் வேலையில் அமர்ந்து குடும்பம் தொடங்கும் வயதில் மருத்துவர்கள் மாணவர்களாகவே இருக்கின்றனர். படிப்பை முடித்த பிறகு திருமணம் என்று காத்திருந்தால் முப்பது வயது கடந்துவிடும். எனவே பலருடைய திருமணம் பயிற்சிக் காலத்துக்கும் முதுநிலைப் படிப்புக்கும் இடைப்பட்ட காலத்திலேயே நடைபெறுகிறது. ஒரே வகுப்பில் படித்துப் பழகியவர்கள் மணம் புரிந்துகொள்வதும், மருத்துவருக்கு மருத்துவரையே வரன் தேடும் வழக்கமும் சேர்ந்து, ஒரே ஆண்டில் ஒரே தேர்வை எழுதும் தம்பதிகளை உருவாக்குகின்றன.

முதுநிலைப் படிப்பைத் தள்ளிப் போடவும் இவர்களால் இயலுவதில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டும் போதும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. நகர மருத்துவமனைகள் சிறப்பு மருத்துவர்களையே நாடுகின்றன. இந்நிலையில் இடங்களோ குறைவு. 2014-ல் சுமார் 31 ஆயிரமாக இருந்த முதுநிலை இடங்கள் 2024-ல் சுமார் 73 ஆயிரமாக உயர்ந்துள்ளன. எனினும் 2025 ஆகஸ்டு 3-ம் தேதி நடைபெற்ற நீட் முதுநிலைத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 2.42 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒருவருக்கு இடம் கிடைப்பதே அரிது என்னும்போது, இருவருக்கு, அதுவும் ஒரே ஊரில் கிடைப்பது எத்தனை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தரவரிசை மட்டுமே

அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. இவற்றுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்களுக்கும் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகத்தின் கீழ் இயங்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு இணைய வழியில் கலந்தாய்வு நடத்துகிறது. எஞ்சிய 50 சதவீத இடங்களுக்கு அந்தந்த மாநிலங்கள் தனியே கலந்தாய்வு நடத்துகின்றன.

ஒதுக்கீட்டு முறை எளிமையானது. ஒவ்வொருவரும் தாம் விரும்பும் கல்லூரியையும் பாடத்தையும் வரிசைப்படுத்திப் பட்டியல் தர வேண்டும். கணினி முதல் தரவரிசையாளரின் பட்டியலை எடுத்து, அதில் மேலே உள்ள இடத்தை அவருக்கு அளிக்கிறது. பிறகு இரண்டாமவர், மூன்றாமவர் என வரிசையாக இறங்குகிறது. ஒருவருடைய முறை வரும்போது அவருடைய பட்டியலில் காலியாக உள்ள இடங்களில் முதலாவது எதுவோ அதுவே அவருக்குரியது. சிபாரிசுக்கோ, நேர்முகத் தேர்வுக்கோ இதில் இடமில்லை. இந்த முறையின் வலிமை அதுதான். மத்தியக் கலந்தாய்வின் மீது மாணவர்கள் வைத்துள்ள நம்பிக்கைக்கும் அதுவே அடிப்படை.

தம்பதிகளுக்கு இடர் தருவதும் அதே எளிமைதான். ஓர் உதாரணத்தைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். கணவரின் தரவரிசை 4,000. மனைவியின் தரவரிசை 20,000 என்று வைத்துக்கொள்வோம். கணவர் பொது மருத்துவத்தையும் மனைவி குழந்தைகள் நலத்தையும் விரும்புகின்றனர். கணவர் தம் தகுதிக்கேற்பத் தில்லியிலோ மும்பையிலோ உள்ள பழமையான கல்லூரி ஒன்றில் இடம் பெற முடியும். ஆனால் மனைவியின் முறை வருவதற்குள் அந்த நகரங்களின் குழந்தைகள் நல இடங்கள் தீர்ந்துபோயிருக்கும். அவருக்குக் கிடைப்பது வேறொரு மாநிலத்தின் மாவட்டத் தலைநகரில் உள்ள கல்லூரியாக இருக்கலாம்.

கணவர் தம் பட்டியலைத் தாழ்த்திக்கொள்ளலாம். மனைவிக்கு இடம் கிடைக்கக்கூடும் என்று தோன்றும் ஊரைத் தாமும் முதல் விருப்பமாகக் குறிப்பிடலாம். ஆனால் அங்கே மனைவிக்கு இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. சென்ற ஆண்டின் கடைசித் தரவரிசைகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். அந்த ஊகம் பொய்த்தால், கணவர் நல்ல கல்லூரியையும் இழப்பார். மனைவியுடன் ஒரே ஊரில் இருக்கும் வாய்ப்பையும் இழப்பார். "இருவருக்கும் கிடைத்தால் மட்டும் இந்த ஊர், இல்லையேல் எனக்கு அந்தக் கல்லூரி" என்று சொல்ல அந்தப் பட்டியலில் வழியில்லை. இதுதான் சிக்கலின் மையம்.

ஊரா, பாடமா?

கல்லூரி ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தம்பதிகள் குறைவு. ஊர் ஒன்றாக இருந்தால் போதும் என்பவர்களே அதிகம். ஆகவே பல கல்லூரிகள் உள்ள பெருநகரங்களின் மீதே அவர்களுடைய பார்வை பதிகிறது. தில்லியில் மௌலானா ஆசாத், சஃப்தர்ஜங் மருத்துவமனையின் வர்த்தமான் மகாவீர், லேடி ஹார்டிங், பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் கல்லூரி, ராம் மனோகர் லோகியா மருத்துவமனை எனப் பல நிறுவனங்கள் உள்ளன. மும்பையில் கே.இ.எம்., நாயர், சயான், ஜே.ஜே. மருத்துவமனைகள். கொல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி, நீல்ரத்தன் சர்க்கார், ஆர்.ஜி.கர், எஸ்.எஸ்.கே.எம். சென்னையில் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம். ஒருவருக்கு ஒரு கல்லூரியிலும் மற்றவருக்கு மற்றொன்றிலும் கிடைத்தால் வீடு ஒன்றாக இருக்கும். ஆனால் எல்லோரும் விரும்பும் நகரங்களும் இவையே. எனவே இங்குள்ள இடங்கள் முதலிலேயே நிரம்பிவிடுகின்றன.

அடுத்த வழி, பாடத்தை விட்டுக்கொடுப்பது. கதிரியக்கவியல், தோல் மருத்துவம், பொது மருத்துவம் போன்றவை முன்னணித் தரவரிசையாளர்களால் உடனே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், நுண்ணுயிரியல், சட்ட மருத்துவம் போன்ற, நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளிக்காத துறைகளின் இடங்களில் பல, கடைசிச் சுற்று வரை காலியாகக் கிடக்கின்றன. காலியிடங்களை நிரப்புவதற்காக 2023-ல் நீட் முதுநிலைத் தகுதி மதிப்பெண் எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ய சதமானமாகக் குறைக்கப்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

கணவர் சேரும் கல்லூரியிலேயே மனைவிக்கு மருந்தியலில் இடம் கிடைக்கும். குழந்தைகள் நலம் வேண்டும் என்றால் வேறு மாநிலத்துக்குச் செல்ல வேண்டும். இத்தகைய நிலையில் எடுக்கப்படும் முடிவு மூன்றாண்டுப் படிப்போடு நின்றுவிடுவதில்லை. முப்பது ஆண்டுக் காலத் தொழில் எது என்பதையே அது முடிவு செய்துவிடுகிறது. குழந்தை மருத்துவராக வேண்டும் என்று பள்ளிப் பருவத்திலிருந்து எண்ணியிருந்த ஒருவர், வாழ்நாள் முழுவதும் நோயாளியைத் தொடாத துறையில் பணியாற்ற நேரிடும். இருவரில் விட்டுக்கொடுப்பவர் யார் என்னும் கேள்வி, தரவரிசையால் மட்டுமே தீர்மானிக்கப்படுகிறதா, பெண்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற குடும்பத்தின் எதிர்பார்ப்பாலும் தீர்மானிக்கப்படுகிறதா என்பது ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி.

தேசிய மருத்துவ அறிவியல் தேர்வுகள் வாரியம் வழங்கும் டி.என்.பி. படிப்பும் பலருக்குக் கை கொடுக்கிறது. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலும் இந்த இடங்கள் உள்ளதால், ஒருவர் அரசுக் கல்லூரியிலும் மற்றவர் அதே நகர மருத்துவமனையிலும் சேர இயலும். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் உண்டு. ஆனால் சிகிச்சைத் துறைகளுக்கு அங்கே ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். சேர்ந்து வாழ்வதற்கான விலையாக அதைக் கொடுக்கக்கூடிய குடும்பங்கள் சிலவே.

மாநில எல்லைகள்

வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் மணம் புரிந்துகொள்ளும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் இருவரும் ஒரே மாநிலத்தில் போட்டியிட முடியாமல் போகலாம்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. பிரதீப் ஜெயின் வழக்கில் 1984-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் எல்லா இடங்களையும் தம் மாநிலத்தவருக்கே ஒதுக்கிக்கொள்வதை ஏற்கவில்லை. அகில இந்திய ஒதுக்கீடு பிறந்தது அதன் விளைவாகத்தான். முதுநிலைப் படிப்பில் 25 சதவீதமாக இருந்த அந்த ஒதுக்கீடு, 2003-ல் வெளியான சௌரப் சௌத்ரி வழக்கின் தீர்ப்புக்குப் பின் 50 சதவீதமானது. தன்வி பெல் வழக்கில் 2025 ஜனவரி 29-ம் தேதி தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகள் அமர்வு, முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான இடஒதுக்கீடு அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது என்று அறிவித்தது. சண்டீகர் அரசு மருத்துவக் கல்லூரி இடங்கள் தொடர்பாக எழுந்த வழக்கு அது.

அதே தீர்ப்பு, ஒரு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு அங்கேயே முதுநிலைப் படிப்பில் ஓரளவு முன்னுரிமை அளிப்பதை அனுமதித்தது. தம்பதிகளைப் பொறுத்தவரை இது முக்கியமான அம்சம். ஒரே கல்லூரியில் இளநிலை பயின்று மணம் புரிந்தவர்களுக்கு, இந்த முன்னுரிமை இருவருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பயின்ற இருவர், அகில இந்திய ஒதுக்கீட்டில் தவறவிட்டாலும், அப்பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கான இடங்களில் மீண்டும் ஒன்றாகப் போட்டியிடலாம். கொச்சியில் படித்தவரும் குவாஹாட்டியில் படித்தவரும் மணந்துகொண்டால் அந்த வாய்ப்பு இல்லை.

எய்ம்ஸ், சண்டீகர் பி.ஜி.ஐ., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு நடைபெறுகிறது. ஐ.என்.ஐ.-சி.இ.டி. எனப்படும் இதை எய்ம்ஸ் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. ஒருவர் இதில் வென்று ஜனவரியில் ஏதேனும் ஓர் எய்ம்ஸில் சேர்ந்துவிட்டால், மற்றவர் நீட் கலந்தாய்வில் அந்த ஊரைக் குறி வைக்க வேண்டும். நிறுவனம் புகழ் மிக்கது என்றாலும், அந்த ஊரில் மற்றவருக்கு உகந்த வேறு கல்லூரி இல்லாமற்போனால் பிரிவு உறுதி.

சுற்றுகளும் பிணைகளும்

மத்தியக் கலந்தாய்வு நான்கு சுற்றுகளாக நடைபெறுகிறது. அடுத்த சுற்றில் மேலான இடம் வேண்டும் எனக் கோருபவருக்கு அது கிடைத்துவிட்டால், முன்பு கிடைத்த இடம் தானாகவே ரத்தாகி அடுத்தவருக்குச் சென்றுவிடும். முதல் சுற்றில் இருவரும் அருகருகே உள்ள ஊர்களில் இடம் பெற்று, ஒரே ஊரை நாடி அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மட்டும் மாற்றம் கிடைத்து, மற்றவர் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால், முன்பைவிட அதிக தூரம் விலக நேரிடும். பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை.

பணமும் இதில் சிக்கிக்கொள்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பதிவு செய்யும்போது பொதுப் பிரிவினர் 25 ஆயிரம் ரூபாயும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம் ரூபாயும் காப்புத் தொகையாகச் செலுத்த வேண்டும். பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்றால் இத்தொகை பறிபோகும். சேர்ந்த பிறகு இடத்தைக் கைவிட்டால் சில மாநிலங்களில் பல லட்சம் ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும். படிப்பை முடித்த பின் அந்த மாநிலத்தில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் பல மாநிலங்களில் உண்டு. இருவரும் வெவ்வேறு மாநிலங்களில் இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தால், மூன்றாண்டுப் பிரிவு நான்காகவும் ஐந்தாகவும் நீளும்.

படிப்பின் நடுவே மாற்றல் பெறலாமா என்றால், அதற்கும் வழியில்லை. முதுநிலை மாணவர் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறுவதை முன்பிருந்த மருத்துவக் கவுன்சிலின் 2000-ம் ஆண்டு விதிகள் எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கவில்லை. கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதிகளும் அந்தத் தடையைத் தொடர்ந்தன. பணம் கொடுத்து நல்ல கல்லூரிக்கு மாறும் முறைகேட்டைத் தடுப்பதே இந்தத் தடையின் நோக்கம். அந்த நோக்கத்தைக் குறை கூற முடியாது. ஆனால் கைக்குழந்தையுடன் தவிக்கும் தாய்க்கும் அதே விதிதான்.

பிரிவின் நாட்கள்

முதுநிலை மாணவர் வகுப்பில் அமர்ந்து படிப்பவர் அல்லர். மருத்துவமனையைத் தாங்கி நிற்கும் உறைவிட மருத்துவர். தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரமே பணி என மத்திய அரசின் 1992-ம் ஆண்டு ஆணை கூறியது. நடைமுறையில் 24 மணி நேரமும் 36 மணி நேரமும் தொடர்ந்து பணியாற்றுவது அரசு மருத்துவமனைகளில் இன்றும் வழக்கமாக உள்ளது. 2023-ம் ஆண்டு விதிகள், நியாயமான பணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. வார ஓய்வு பணிச் சூழலுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையும் உடன் உள்ளது.

இருபது நாள் விடுப்பில் இரண்டு நாள் ரயில் பயணத்திலேயே கழிந்துவிடும் தம்பதிகளின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஒருவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் மற்றவர் இரவுப் பணியில் இருப்பார். தொலைபேசி மணி ஒலிக்கும் நேரத்தில் ஒருவர் அறுவை அரங்கில் நிற்பார். மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் கட்டாயம் பணியாற்ற வேண்டும் என்ற திட்டமும் இப்போது படிப்பின் ஒரு பகுதி. ஒரே கல்லூரியில் இடம் பெற்ற தம்பதிகள்கூட அந்த மூன்று மாதங்களில் வெவ்வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்படலாம்.

மகப்பேறு விடுப்புக்கும், தந்தையர் விடுப்புக்கும் விதிகள் இடம் தருகின்றன. எனினும் விடுப்பு நீண்டால் படிப்புக் காலமும் நீளும். எனவே குழந்தைப்பேற்றைத் தள்ளிப் போடுவோர் உண்டு. பெற்ற குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, கணவர் ஒரு மாநிலத்திலும் மனைவி ஒரு மாநிலத்திலுமாக மூன்று இடங்களில் ஒரு குடும்பம் வாழ்வதும் உண்டு.

அரசு ஊழியருக்கு உண்டு, மாணவருக்கு இல்லை

கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் பணியாற்ற வேண்டும் என்பதை அரசு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மத்திய அரசின் பணியாளர் துறை இதற்கான வழிகாட்டுதலை 1986-ல் வெளியிட்டது. 1997-லும் 2009 செப்டம்பர் 30-ம் தேதியும் அது மேலும் வலுப்படுத்தப்பட்டது. இருவரும் ஒரே துறையில் பணியாற்றி, பணியிடமும் காலியாக இருந்தால், ஒரே ஊரில் கட்டாயம் நியமிக்க வேண்டும் என 2009-ம் ஆண்டு ஆணை கூறுகிறது. பெண்கள் அரசுப் பணியில் நிலைத்திருக்கவும், குழந்தைகள் பெற்றோரின் பராமரிப்பில் வளரவும் இது தேவை என்பதே அரசு கூறிய காரணம்.

அந்தக் காரணங்கள் யாவும் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் ஊதியம் பெறும் ஊழியர்கள் அல்லர். உதவித்தொகை பெறும் மாணவர்கள். ஆகவே அந்த ஆணையின் நிழல் அவர்கள் மீது விழுவதில்லை.

அமெரிக்கா கண்ட வழி

இதே சிக்கலை அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தது. அங்கே மருத்துவப் பட்டதாரிகளுக்கு உறைவிடப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் மையப்படுத்தப்பட்ட முறை 1952 முதல் நடைமுறையில் உள்ளது. 1960-களில் மருத்துவப் பட்டதாரிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே பெண்கள் இருந்ததால், தம்பதிகள் பிரச்சினை பெரிதாக எழவில்லை. 1970-களில் பெண்களின் எண்ணிக்கை பெருகியதும், தம்பதிகள் பலர் மைய முறையிலிருந்து விலகி, மருத்துவமனைகளுடன் நேரடியாகப் பேசி இடம் தேடத் தொடங்கினர்.

அவர்களைத் தக்கவைத்துக்கொள்ளக் கொண்டுவரப்பட்ட முதல் ஏற்பாடு விசித்திரமானது. தம்பதியில் ஒருவர் தம்மை 'முதன்மை உறுப்பினர்' என அறிவிக்க வேண்டும். முதலில் அவருக்கு இடம் ஒதுக்கப்படும். பிறகு மற்றவரின் பட்டியலிலிருந்து தொலைவான ஊர்கள் நீக்கப்பட்டு, எஞ்சியவற்றில் அவருக்கு இடம் தேடப்படும். இது பலருக்கு நிறைவளிக்கவில்லை. தம்பதிகள் விரும்பியது இரண்டு தனித்தனி இடங்களை அல்ல. ஓர் இணை இடத்தை.

1984-ல் இந்த முறை மாற்றப்பட்டது. அதன்படி தம்பதிகள், "கணவருக்கு இந்த மருத்துவமனை, மனைவிக்கு அந்த மருத்துவமனை" என இணை இணையாக வரிசைப்படுத்திப் பட்டியல் தரலாம். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் மட்டுமே அந்த இணை அவர்களுக்கு ஒதுக்கப்படும். இல்லையேல் அடுத்த இணை பரிசீலிக்கப்படும். திருமணச் சான்று தேவையில்லை. இணைந்து விண்ணப்பிக்க இருவரும் சம்மதித்தால் போதும். பொருளியல் அறிஞர் ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் ஆகியோர் வடிவமைத்த புதிய கணக்கு முறை 1998 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. ராத் 2012-ல், லாயிட் ஷாப்லியுடன் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள் ஆண்டுதோறும் இம்முறையில் விண்ணப்பிக்கின்றனர்.

பிரிட்டனிலும் பட்டம் பெற்றபின் சேரும் அடிப்படைப் பயிற்சிக்கு இருவர் தம் விண்ணப்பங்களை இணைத்துக்கொள்ளலாம். 2023 வரை மதிப்பெண் அடிப்படையில் இடம் ஒதுக்கப்பட்டபோது, இணைந்து விண்ணப்பித்த இருவருக்கும், அவர்களில் குறைந்த மதிப்பெண் பெற்றவரின் மதிப்பெண்ணே கணக்கில் கொள்ளப்பட்டது. சேர்ந்திருக்க விரும்பினால் மேலே இருப்பவர் இறங்கி வர வேண்டும். கீழே இருப்பவர் ஏறிச் செல்ல முடியாது என்பதே அதன் தத்துவம்.

இந்தியாவுக்குப் பொருந்துமா?

தகுதி வரிசை குலைந்துவிடும் என்பதே இங்கு எழும் முதல் ஆட்சேபம். அது வெறும் சாக்கு அல்ல என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரே ஊரில் இரண்டு கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் ஓர் இடம். முதல் தரவரிசை கணவருக்கு, மூன்றாவது மனைவிக்கு, இரண்டாவது வேறொருவருக்கு. தம்பதிக்கு இரண்டு இடங்களும் வேண்டும். இல்லையெனில் ஒன்றும் வேண்டாம். இரண்டாமவர் முதல் கல்லூரியை விரும்புகிறார். கிடைக்காவிட்டால் அடுத்த கல்லூரியை ஏற்பார்.

இரு இடங்களையும் தம்பதிக்குக் கொடுத்தால், மூன்றாம் தரவரிசைக்கு இடம் இருக்க, இரண்டாம் தரவரிசைக்கு இல்லாமற்போகும். அது அநீதி. தம்பதிக்குக் கொடுக்காவிட்டால், இரண்டாமவர் முதல் கல்லூரிக்குச் செல்வார்; அடுத்த கல்லூரி காலியாக நிற்கும். அப்போது முதல் தரவரிசையாளரான கணவர், "அவரைவிட நான் முன்னிலையில் உள்ளேன், முதல் கல்லூரி எனக்கு உரியது, காலியாக உள்ள இடத்தை என் மனைவிக்குத் தாருங்கள்" என்பார். அவர் சொல்வதும் நியாயமே. கொடுத்தால் மீண்டும் முதல் அநீதி. இப்படிச் சுழலும் கணக்குக்கு விடையே இல்லை. தம்பதிகள் சேர்ந்துவிட்டால் எல்லோருக்கும் நியாயமான ஒதுக்கீடு சில வேளைகளில் இருக்கவே முடியாது என்பதை ராத் 1984-லேயே எடுத்துக்காட்டினார்.

எனினும் இத்தகைய முடிச்சுகள் காகிதத்தில் எழும் அளவுக்கு நடைமுறையில் எழவில்லை என்பதே அமெரிக்க அனுபவம். அங்கே பல்லாயிரம் இடங்களுக்கு இடையே தம்பதிகள் சிறு பகுதியினரே என்பதால், ஏற்கத்தக்க விடை கிடைத்துவருகிறது. இந்தியாவில் விதியைத் தெளிவாக வகுக்கவும் இயலும். இணையில் உள்ள ஒவ்வொருவரும் தம் சொந்தத் தரவரிசையாலும் தம் சொந்தப் பிரிவாலும் அந்த இடத்துக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். ஒருவருடைய தரவரிசை மற்றவருக்கு உதவக் கூடாது. இப்படி வரையறுத்தால் தனியாகப் போட்டியிடுபவர் எவரும் பின்தள்ளப்பட மாட்டார். தம்பதிகள் கேட்பது சலுகை மதிப்பெண் அல்ல. தங்கள் உண்மையான விருப்பத்தைச் சொல்வதற்கான வாய்ப்பு மட்டுமே.

அதுவும் கடினம் எனில், எளிய மாற்று ஒன்று உண்டு. எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகு, ஒரே பாடத்தில், ஒரே பிரிவில் இடம் பெற்ற இரு மாணவர்கள் மனமொப்பி இடங்களை மாற்றிக்கொள்ள ஒரு முறை அனுமதிக்கலாம். இதில் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் பணம் கைமாறும் அபாயம் உள்ளதால், திருமணப் பதிவுச் சான்றுடன், கலந்தாய்வுக் குழுவின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே அதைச் செய்ய முடியும்.

மீண்டும் அதே கேள்வி

முதுநிலைப் படிப்பு முடிந்தால் பிரச்சினை முடிந்துவிடுவதில்லை. உயர் சிறப்புப் படிப்புக்கு மற்றொரு நீட், மற்றொரு கலந்தாய்வு. கல்லூரி ஆசிரியராக விரும்பினால் முதுநிலை உறைவிட மருத்துவராகப் பணியாற்ற இன்னோர் இடம் தேட வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு எண்கள், இரண்டு பட்டியல்கள், ஒரு ஊர் என்ற அதே கணக்கு திரும்ப வருகிறது.

மாற்றம் வரும்வரை தம்பதிகள் தங்களால் இயன்றதையே செய்கின்றனர். முடிவு வந்த நாளிலிருந்து பட்டியல் முடிவடையும் நாள் வரை, பழைய ஆண்டுகளின் கடைசித் தரவரிசைகளை ஊர் ஊராக எழுதிப் பார்க்கின்றனர். இருவரில் பின்தங்கியவருக்கு எந்தெந்த ஊர்களில் இடம் கிடைக்கக்கூடும் என்பதை முதலில் கணித்து, முன்னணியில் இருப்பவரின் பட்டியலை அதற்கேற்ப அமைக்கின்றனர். எவ்வளவு தூரம் இறங்கலாம், எந்தப் பாடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதை முன்கூட்டியே பேசி வைக்கின்றனர். சிலர், ஒருவர் இவ்வாண்டு சேர்ந்துவிட, மற்றவர் ஓராண்டு காத்திருந்து அதே ஊருக்காக மீண்டும் தேர்வு எழுதுகின்றனர்.

கடைசியில் இரண்டு பட்டியல்களும் தனித்தனியாகவே பூட்டப்படுகின்றன. உதாரணத்தில் கண்ட அந்தக் கணவர் முதல் இடத்தில் தம் கனவுக் கல்லூரியை எழுதுவாரா, மனைவிக்குக் கிடைக்கக்கூடும் என்று எண்ணும் சிற்றூரை எழுதுவாரா என்பதை எந்த விதியும் சொல்வதில்லை. நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்த்து வைப்பதற்காக உழைக்கப் போகும் இருவர், தங்கள் குடும்பத்தைச் சேர்த்து வைக்க ஊகத்தையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.